செவ்வாய்க்கிழமை பத்து மணிப் பாடம்

ரோவல் ரோடு, சிங்கப்பூர்
8.1.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

லீலா எழுதுவது. நான் சுகம். சின்னம்மாவுக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நீங்களும் கமலா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு இருமல் நின்றதா?

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான்கு வருடம் அடுத்தவர் எழுதியதைத் தட்டச்சு செய்த உங்கள் தங்கை, இனிமேல் தானே எழுதித் தானே பேசப் போகிறாள். தமிழ்ப் பள்ளிகளுக்கான வானொலிப் பாடம், இயற்கை அறிவு. செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம். சிங்கப்பூரிலும் ஜொகூரிலுமாக முப்பத்தொரு பள்ளிகள் கேட்கும். உங்கள் எஸ்டேட் பள்ளியும் அதில் ஒன்று. பெயரை நானே பட்டியலில் சேர்த்தேன், திட்டாதீர்கள்.

வேலை ஜூன் வரை தற்காலிகம்தான். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் ஆசிரியர்கள் நான்கு கேள்வி கேட்டு, எத்தனை பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து ஜூனில் முடிவு செய்வார்கள். சரியில்லை என்றால் பாடமும் போய்விடும், நானும் பழைய தட்டச்சு நாற்காலிக்கே திரும்ப வேண்டும். அதனால் படிவத்தை மறக்காமல் அனுப்புங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
தங்கை லீலா

கூலாய், ஜொகூர்
22.1.1961

அன்புத் தங்கை லீலாவுக்கு அழகப்பன் ஆசியுடன் எழுதுவது.

வீட்டில் எல்லாரும் நலம். கமலாவுக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சுதான் நிற்கவில்லை.

பேட்டரி ரேடியோ வந்து சேர்ந்தது. ரம்புத்தான் மரத்தில் ஏரியல் கட்டினோம். செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தலை வாரி, பொட்டு வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உன் குரல் கணீரென்று கேட்டது. பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. நீ சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் பேசுவாயே, அதே வேகம். கேள்வியும் நீயே, பதிலும் நீயே. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் ரேடியோவில் வீணை வாசிக்கிறார்கள். நான்கு கேள்விக்கும் சரியாகச் சொன்னவர்கள் ஒன்பது பேர். படிவத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் அழகப்பன்

ரோவல் ரோடு
6.2.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன வாரம் தைப்பூசக் கூட்டத்தில் சின்னம்மாவின் செருப்பு ஒன்று காணாமல் போனது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டே சிராங்கூன் ரோடு முழுக்க நடந்து வந்தார்.

வேகம் என்று எழுதியிருந்தீர்கள். பதினைந்து நிமிடத்தில் வேரிலிருந்து பூ வரை சொல்ல வேண்டாமா? ஒலிப்பதிவு செய்யும் காதர் மைதீன் அண்ணன் முதல் நாளே எச்சரித்தார்: “மூணு செகண்டு சத்தம் இல்லன்னா, ரேடியோ செட்டு கெட்டுப்போச்சுன்னு ஆளுங்க குமிழைத் திருக ஆரம்பிச்சிருவாங்கலா.” அதனால்தான் இடைவெளி வராமல் பேசுகிறேன்.

எங்கள் மேலதிகாரி பாலகிருஷ்ணன் வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்தவர். பாடம் எழுதுவதற்கு முன்பே அதற்கான பரீட்சையை எழுதச் சொல்கிறார். சமையலுக்கு முன்பே ஏப்பம் விடச் சொல்வது மாதிரி இல்லையா? பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு வரியும் தர வேண்டுமாம். ‘இலையின் பகுதிகளை அறிந்துகொள்வார்கள்’ என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்துவிட்டு, “அறிஞ்சுக்கிட்டதை எந்தக் கண்ணால பார்ப்பே? தொட்டுக் காட்டுவாங்களா, பிரிச்சு வைப்பாங்களா, அதை எழுது” என்றார். அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

மற்றப் பள்ளிகளிலிருந்து வரும் படிவங்களும் உங்களுடையது மாதிரியே மோசம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.
லீலா

கூலாய்
3.3.1961

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். இங்கே நல்ல மழை, இடி மின்னல் வேறு.

மூன்று வாரப் படிவங்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தாறு. பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் ரப்பர்ப் பால் மரக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுகிறார்கள். நீ ஒவ்வொரு மாதமும் அனுப்பும் ஆசிரியர் குறிப்பு மிகவும் உபயோகமாக இருக்கிறது. அதை மட்டும் தவறாமல் அனுப்பு.

சின்னம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு.
அழகப்பன்

ரோவல் ரோடு
14.3.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சின்னம்மா நொச்சியைத் தேடித் தேக்கா மார்க்கெட்டில் ஒரு கீரைக்காரி விடாமல் கேட்டுவிட்டார்.

இருபத்தாறு. அந்தப் படிவத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பாலகிருஷ்ணன் சார் அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். “மத்த பள்ளிக்கூடமெல்லாம் பத்தைத் தாண்டல. இங்க மட்டும் எப்படி?” என்று கேட்டார். எங்கள் அண்ணன் நல்ல வாத்தியார் என்று சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்படியே போனால் ஜூனில் வேலை நிச்சயம்.

மே மாதம் லீவு கேட்டிருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இப்போது தொடக்கத்தில் வீணையைப் புல்லாங்குழலாக மாற்றியிருக்கிறோமே, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா? போன வாரம் நடுவில் தும்மிவிட்டேன். கேட்டீர்களா?

லீலா

கூலாய்
29.3.1961

அன்புத் தங்கை லீலாவுக்கு,

எல்லாரும் சுகம். இசை நன்றாக இருக்கிறது.

மே மாதம் வருவது பற்றி. ரோடு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். தொழிலாளர் லயத்தில் இரண்டு வீட்டில் அம்மை. நீ இப்போது வர வேண்டாம், தீபாவளிக்கு வரலாம். கமலாவும் அதையே சொல்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.
அழகப்பன்

ரோவல் ரோடு
20.4.1961

அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

சென்ற பதினோராம் தேதி ஒலிபரப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். அன்றைக்குப் போக வேண்டியது எறும்புப் பாடம். அவசரத்தில் ஒலிநாடாப் பெட்டியை மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டேன். போனது மழைநீர்ப் பாடம். கையில் எறும்புக் குறிப்பும் காதில் மழையுமாகத் திண்டாடிப்போனோம் என்று மற்ற எல்லாப் பள்ளிகளும் எழுதியிருக்கின்றன. ஓர் ஆசிரியர் என்னைத் தூக்கத்தில் பாடம் நடத்துகிறவள் என்று திட்டியிருக்கிறார். எல்லாம் நியாயம்.

உங்கள் படிவம் நேற்று வந்தது. ‘எறும்புப் பாடம் மிக நன்று. இருபத்தாறு பேர் சரியான பதில். வானொலி சொன்னபடி பிள்ளைகள் வெளியே போய் எறும்பு வரிசையைப் பார்த்து வந்தார்கள்.’

எந்த வானொலி அண்ணா?

உங்கள் படிவத்தை நம்பித்தான் அங்கே தலை நிமிர்ந்து நடந்தேன். இப்போது அறிவிப்புப் பலகைப் பக்கம் போகவே கூசுகிறது. பதில் எழுதுங்கள்.

லீலா

கூலாய்
24.4.1961

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

பிப்ரவரியில் ஏரியலில் இடி விழுந்தது. ரேடியோ கருகிப் போயிற்று. எஸ்டேட் ஆபீசில் சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் தலை வாரி வந்துவிட்டார்கள். செட்டு செத்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேடியோவை மேசையில் வைத்து, அதன் பின்னால் கரும்பலகையை நிறுத்தி, பலகைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உன் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மூக்கால் பேசினேன். பக்கத்து அறையில் எனக்கு வேலை இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வயது ஆளின் கூத்தைப் பார். கமலா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உன் வேலைதான். ஒரு பள்ளி குறைந்தால் உன் கணக்கில் குறையும் என்று பயந்தேன். பிறகு எண்ணிக்கை ஏற ஏற, சொல்ல மனம் வரவில்லை. தப்புதான். ஆனால் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இருபத்தாறு என்பது பொய்யில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக நிறுத்திக் கேட்டுத்தான் எழுதினேன்.

அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை. பலகைக்குப் பின்னால் எனக்கு யார் முகமும் தெரியாது. கேள்வியைக் கேட்டுவிட்டு, சத்தம் வந்து அடங்கும்வரை மனதுக்குள் பத்து எண்ணுவேன். தப்பாகச் சொன்னது காதில் விழுந்தால் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பேன். எறும்பைப் பார் என்று சொன்னால் அவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை சும்மா இருப்பேன். வேறொன்றும் செய்யவில்லை.

உன் அதிகாரியிடம் எல்லாப் பழியையும் என் மேல் போடு.
அண்ணன்

ரோவல் ரோடு
17.5.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மூன்று வாரம் எழுதாமல் இருந்தது முதலில் கோபத்தால், பிறகு வேலையால். கோபம் போய்விட்டது. பலகைக்குப் பின்னால் நீங்கள் மூக்கால் பேசியதைச் சின்னம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அது போயிற்று.

உங்கள் கடிதத்தை அப்படியே பாலகிருஷ்ணன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுப் பலகையிலிருந்து உங்கள் படிவத்தைப் பிடுங்கினார். தட்டச்சு நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது.

“வானொலி கேட்டதுங்கறது பொய். இருபத்தாறு பிள்ளைங்கங்கறது?”

“அது நிஜம் சார். அண்ணன் அதுல பொய் சொல்ல மாட்டாரு.”

“அப்ப ரேடியோவே இல்லாத ஒரு வகுப்பு, ரேடியோ இருக்கிற முப்பது வகுப்பை விட உன் பாடத்தை நல்லாக் கத்துக்கிட்டிருக்கு. ஏன்னு எனக்குச் சொல்லு. ஜூன் வரைக்கும்தான் டைம்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் அனுமதி வாங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் பாடத்தை ஒரு வகுப்பறையில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணா, எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மழைநீர்ப் பாடத்தின் சரியான முறை. என் குரல் கேட்கிறது: “மழைத்தண்ணீர் எங்கே போகிறது?” முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, “மண்…” என்கிறாள். அதற்குள் நானே பதிலைச் சொல்லி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அவள் கையைக் கீழே போட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் கையைத் தூக்கவே இல்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் ஜனவரியிலேயே எழுதினீர்கள். எனக்கு ரோஷம்தான் வந்தது, காது கேட்கவில்லை.

வேரிலிருந்து பூ வரை என்பதையெல்லாம் வெட்டி எறிந்தேன். ஒரு பாடத்துக்கு ஒரு விஷயம். முதலில் நான்கு கேள்வி, பிறகுதான் பாடம். ஆமாம், ஏப்பம் முதலில்தான். ரோவல் ரோட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைச் சின்னம்மா வீட்டில் உட்கார வைத்து, நான் படிக்க, காதர் அண்ணன் ஸ்டாப்வாட்ச் பிடித்தார். ஒரு கேள்விக்கு எட்டு விநாடி, சிலதற்குப் பன்னிரண்டு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பன்னெண்டு செகண்டு சும்மா விட்டா மேலேருந்து போன் வரும்லா. எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு.” பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த இடத்தில் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கை லேசாகச் சேர்த்துவிட்டார். செட்டு உயிரோடு இருக்கிறது என்று தெரியும், பிள்ளையும் யோசிக்கலாம்.

இரண்டு கண்டிஷன். ஒன்று, சார் எஸ்டேட் ஆபீசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், புது செட்டு வரும். அது வந்ததும் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு, பிள்ளைகளிடம் நீங்களே உண்மையைச் சொல்ல வேண்டும். நான் சாரிடம் சொல்லிவிட்டேன், நீங்களும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. அவர் சிரித்ததை நான் நேரில் பார்த்திருக்க வேண்டும்.
லீலா

ரோவல் ரோடு
1.7.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சௌக்கியம். சின்னம்மா ஆறு பிள்ளைகளுக்கும் வடை சுட்டுக் கொடுத்துப் பழக்கிவிட்டார். இப்போது பாடம் இல்லாத நாளிலும் வந்து நிற்கிறார்கள்.

இதுவரை நான்கு புதுப் பாடங்கள் ஒலிபரப்பாகிவிட்டன. முப்பது பள்ளிகளில் இருபத்திரண்டில் பாதிக்கு மேல் பிள்ளைகள் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி எட்டில் ஏன் இல்லை என்று போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் சார். போய்ப் பார்க்கிற அதிகாரத்தோடுதான் சொன்னார். நேற்று உத்தரவு கையில் கிடைத்தது. வேலை நிரந்தரம். சந்தோஷத்தில் தேக்காவிலிருந்து வீட்டுக்கு பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன், குடை இருந்தும் நனைந்துகொண்டு.

உங்கள் படிவம் மட்டும் வரவில்லை. புது செட்டு வந்ததாக எஸ்டேட் ஆபீஸ் எழுதியிருக்கிறது. இரண்டாவது கண்டிஷன் என்ன ஆயிற்று?

லீலா

கூலாய்
9.7.1961

அன்புத் தங்கை லீலாவுக்கு,

அண்ணன் மனம் நிறைந்து எழுதுவது. உன் கடிதத்தைக் கமலாவுக்கு இரண்டு தடவை படித்தேன். அவள் உடனே பாயசம் வைத்தாள். அப்பா அம்மா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை புது செட்டில் உன் பாடம் கேட்டோம். நீ கேள்வி கேட்டாய், கடிகாரம் டிக் டிக் என்றது, பிள்ளைகள் பதில் சொன்னார்கள், பிறகு நீ பேசினாய். சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசுகிற மாதிரியே இருந்தது. இருபத்தைந்து பேர். படிவம் இத்துடன் வருகிறது, இது முழுக்க நிஜம்.

பாடம் முடிந்ததும் உண்மையைச் சொல்ல எழுந்து நின்றேன். இத்தனை வாரமும் ரேடியோவில் பேசியது நான்தான் என்று ஆரம்பித்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. நாலாம் வகுப்புச் செல்லக்கண்ணு எழுந்தாள்.

“தெரியும் சார். முதல் நாளே தெரியும். பலகைக்குக் கீழே உங்க வேட்டியும் காலும் தெரிஞ்சுச்சு.”

“அப்புறம் ஏன் யாரும் சொல்லல?”

அதற்கும் அவளேதான் பதில் சொன்னாள்.

“சொன்னா நீங்க முன்னாடி வந்துருவீங்க சார். முன்னாடி நின்னா நீங்களே பதிலச் சொல்லிருவீங்க. பின்னாடி இருந்தாத்தான் எங்களச் சொல்ல விடுவீங்க.”

பதினோரு வருடமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், லீலா. அந்தப் பெண் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சரி உட்கார் என்று சொல்லிவிட்டு, பலகையை அதன் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தேன். அடுத்த மணி கணக்குப் பாடம். முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர்கள் முன்னாலேயே நின்று, வாயை இறுக மூடிக்கொண்டு பத்து எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் செல்லக்கண்ணுவின் கை மேலே போயிற்று.

ரோடு சரியாகிவிட்டது, அம்மையும் இல்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை வேண்டுமானாலும் வா.

அன்புடன்,
அண்ணன் அழகப்பன்